யார் பேர்ல இருக்கு?

2000-ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னையில் மென்பொருள் வேலைக்கு வந்து சேர்ந்தவர்களிடம், “இத்தனை வருஷத்தில் அதிகமாக என்ன எழுதினீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். கோடு என்பார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. டெவலப்பர்கள்கூடக் கோடு எழுதிய நேரத்தைவிட, எழுதிய கோடு ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று யாருக்காவது விளக்கி எழுதிய நேரம்தான் அதிகம். நான் டெஸ்டிங் பக்கத்து ஆள். எனக்கு அந்தக் குழப்பமே கிடையாது. எழுதியதெல்லாம் பக் ரிப்போர்ட். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், சரியாகிவிட்டது என்று யார் சொன்னார், ஆகவில்லை என்று நான் ஏன் சொல்கிறேன். கல்லூரியில் எழுதிய கவிதை, ஊருக்குப் போட்ட கடிதம், பாதியில் நின்ற டைரி எல்லாவற்றையும் கூட்டினாலும் அதில் ஒரு மூலைக்குக் காணாது. அவ்வளவு எழுத்தில் ஒரு வரிகூட இன்று என் கையில் இல்லை. என்னோடு வேலை பார்த்த யார் கையிலும் இல்லை.

டிராக்கர் என்று ஒன்று வருவதற்கு முன் எங்களிடம் இருந்தது எக்ஸெல் ஷீட். தரமணியில் டைடல் பார்க் 2000 ஜூலையில் திறந்து புதுக்கருக்கு மாறாமல் நின்ற காலம். பழைய மகாபலிபுரம் சாலைக்கு ராஜீவ் காந்தி பெயர் இன்னும் வரவில்லை, ஆறு வழியும் வரவில்லை. எங்கள் அலுவலகம் டைடலுக்குள் இல்லை. அதன் பெருமையில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும் தூரத்தில், ஒரு வாடகைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. ஷேர்டு டிரைவில் ஒரே ஒரு ஃபைல். வரிசை எண், விவரம், கண்டவர், யார் பேரில், நிலைமை, குறிப்பு. மொத்த ப்ராஜெக்ட்டும் அந்த ஆறு பத்திக்குள் அடங்கிவிடும்.

அதை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறந்து எழுத முடியும். இரண்டாவது ஆள் திறந்தால், இது இன்னார் கையில் பூட்டியிருக்கிறது, படிக்க மட்டும் திறக்கட்டுமா என்று எக்ஸெல் கேட்கும். உடனே கியூபிக்கிள் தடுப்புக்கு மேலே ஒரு தலை எழும்பும். “யாருப்பா ஷீட்டைத் திறந்து வெச்சிருக்கது?” பதில் வராது. திறந்து வைத்தவர் கீழே டீக்கடையில் நிற்பார். பொறுமை இல்லாதவர்கள் தங்களுக்கென்று ஒரு நகல் எடுத்து அதில் எழுதிக்கொள்வார்கள். சாயங்காலம் பார்த்தால் ஃபைனல், ஃபைனல்-2, ஃபைனல்-லேட்டஸ்ட் என்று மூன்று கிடக்கும். அதற்கும் மேலே டீம் லீடின் இனிஷியல் போட்டு ஒன்று. நான்கையும் ஒன்றாகச் சேர்ப்பது கடைசியாக வந்த டிரெய்னியின் தலையில் விழும். இதையெல்லாம் தாண்டி ஒரு பேராபத்து இருந்தது. யாராவது ஒரு பத்தியை மட்டும் பிடித்து அகர வரிசைப்படுத்திவிட்டால் போதும்: விவரம் ஒரு வரியில், அதற்குப் பொறுப்பானவர் இன்னொரு வரியில். லாகின் பக்கத்து ஆளுக்கு பிரிண்டர் பிரச்சினை போய்விடும். அவரும் பாவம், இரண்டு நாள் அதைப் பார்த்துவிட்டுத்தான், “இது என்னோடது இல்லையே” என்பார்.

அந்த நான்கு நகல்களை ஒட்டிய காலத்தில்தான் மனிதர்களின் கையெழுத்து எனக்குப் பழகியது. தட்டச்சில் ஏது கையெழுத்து என்று கேட்கலாம். உண்டு. ஒருவர் எல்லாவற்றையும் கேப்பிட்டலில் எழுதிக் கத்துவார். ஒருவர் ‘நாட் ஒர்க்கிங்’ என்ற இரண்டு சொல்லுக்கு மேல் செலவழிக்க மாட்டார். ஒருவர் ஒவ்வொரு குறிப்பையும் ‘கைண்ட்லி’ என்று தொடங்கி, முடிவில் நன்றியும் சொல்லுவார். பெயர்ப் பத்தியை மறைத்துவிட்டாலும் எழுதியது யார் என்று சொல்லிவிடுவேன்.

ப்ராஜெக்ட் மேனேஜரின் உலகம் சுவரில் தனியாக இருந்தது. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் போட்ட கான்ட் சார்ட்டை ஏ4 தாள்களில் அச்சடித்து, செல்லோடேப் போட்டு, நீளமாக ஒட்டியிருப்பார். நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கான்ட்டின் பெயரைச் சுமந்த பட்டைகள். இந்தத் திட்டக் கணக்குகளின் பரம்பரையில் அமெரிக்கக் கடற்படை 1950-களின் கடைசியில் போலாரிஸ் ஏவுகணைக்காக உருவாக்கிய பெர்ட்டும் உண்டு என்று பயிற்சி வகுப்பில் பெருமையாகச் சொன்னார்கள். நாங்கள் செய்துகொண்டிருந்ததோ ஓர் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் படிவம். ஒட்டிய தேதியிலேயே அந்தச் சுவர் நின்றுவிடும். மறுபடி அச்சடித்து ஒட்டும்வரை எல்லாப் பட்டையும் சரியாகவே போய்க்கொண்டிருக்கும்.

பக்ஸில்லா என்ற டிராக்கர் வந்தது எங்கள் சிஸ்டம் அட்மின் புண்ணியத்தில். “சும்மாதான் கிடைக்குது, போட்டுப் பாக்கலாமே” என்றார். யாரும் சீண்டாத ஒரு பழைய பென்டியம் பெட்டியில் லினக்ஸ் ஏற்றி, பெர்ல், மைஎஸ்க்யூஎல் எல்லாம் ஏற்றி, ஒரு நாள் காலையில் எங்கள் பிரவுசரில் அது வந்து நின்றது. நெட்ஸ்கேப் தன் பிரவுசரை 1998-இல் ஊருக்குத் திறந்துவிட்டு மொஸில்லா தொடங்கியபோது, டெர்ரி வைஸ்மன் எழுதியது அது. முதலில் டிக்கிள் மொழியில் எழுதி, பலரும் கைவைக்க வசதியாகப் பின்பு பெர்லுக்கு மாற்றினார். அழகு என்று சொல்ல அதில் ஒன்றும் இருக்காது. ஒரு பக்கம் முழுக்கக் கட்டங்கள், கீழே ஒரு நீளமான எழுதுமிடம். ஆனால் ஒவ்வொரு பக்குக்கும் ஓர் எண் கொடுத்தது. கொடுத்த எண்ணை எந்த வரிசைப்படுத்தலும் கலைக்க முடியாது. எக்ஸெலில் அல்லல்பட்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று இன்றைக்கு வருகிறவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம்.

தேடிய பட்டியலில் ஒன்றும் இல்லாவிட்டால் ‘ஜாரோ பூக்ஸ் ஃபவுண்ட்’ என்று சொல்லும். பக்கே இல்லை என்று எந்த மென்பொருளைப் பற்றியும் யாரும் சொல்லிவிட முடியாது, அதனால் அதையே கொஞ்சம் கோணலாகச் சொல்கிறது என்பது எங்களுக்குப் பிடித்திருந்தது. ரிலீஸுக்கு முந்தைய இரவில் அந்த வாசகம் திரையில் வந்தால் பக்கத்து டீமிலிருந்துகூட எட்டிப் பார்க்க வருவார்கள். பட்டியலின் தலையில் ‘க்விப்’ என்று ஒரு வரி வேறு வந்துபோகும். யார் வேண்டுமானாலும் ஒரு வரி எழுதிச் சேர்க்கலாம், திறக்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று தோன்றும். எங்கள் ஆட்கள் வடிவேலு வசனங்களை ஆங்கில எழுத்தில் அடித்து நிரப்பினார்கள். ஒரு நாள் கிளையன்ட் பக்கத்து அம்மையார் ஒருவர் பட்டியலைத் திறந்துவிட்டு, தலைப்பில் இருக்கும் வரி எந்த மாட்யூலைப் பற்றியது என்று ஸ்டேட்டஸ் காலில் கேட்டார். மேஜை நடுவில் நட்சத்திர மீன் மாதிரி உட்கார்ந்திருந்த பாலிகாம் ஸ்பீக்கரின் மியூட் பொத்தானைத் தேடி நான்கு கைகள் ஒரே நேரத்தில் பாய்ந்தன.

பக்ஸில்லா கொண்டுவந்த இன்னொரு விஷயம் சண்டை. எக்ஸெலில் ஒரு பக் திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும். இங்கே மூடுவதற்கே பல வழி: சரிசெய்தாயிற்று, செல்லாது, சரிசெய்ய மாட்டோம், ஏற்கெனவே உள்ளதன் நகல், எனக்கு ஒழுங்காகத்தானே வருகிறது. அந்தக் கடைசி ‘ஒர்க்ஸ் ஃபார் மீ’ போல ஒரு டெஸ்டரின் ரத்தத்தைக் கொதிக்க வைக்கிற சொல் கிடையாது. அதைப் போட்டுவிட்டு டெவலப்பர் மாலை கேப் பிடித்துப் போய்விடுவார். காலையில் வந்ததும் நாம் ரீஓப்பன் செய்வோம். மறுபடி அவர், மறுபடி நாம். ‘லேட்டர்’ என்று ஒரு முடிவுகூட அந்தக் காலப் பதிப்புகளில் இருந்தது. பிறகு அதை அவர்களே எடுத்துவிட்டார்கள். நியாயம்தான். லேட்டருக்குப் போன பக் எதுவும் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை.

அப்ரைசலில் யார் எத்தனை பக் போட்டார்கள் என்று எண்ணத் தொடங்கியதும் இன்னும் வேடிக்கை. ஒரே எழுத்துப் பிழை ஏழு பக்கத்தில் இருந்தால் ஏழு பக். டெவலப்பர் விடுவாரா? ஆறை ‘டூப்ளிகேட்’ போட்டு மூடுவார். ‘மேஜரா, மைனரா’ என்று தீர்க்க வாரத்துக்கொரு முறை ட்ரையாஜ் மீட்டிங். அதில் டீம் லீட் ஒவ்வோர் எண்ணாக வாசித்துவிட்டுக் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “யார் பேர்ல இருக்கு?” அதுவரை நாற்காலியில் சாய்ந்திருந்த ஒருவர் மெதுவாக நிமிர்வார். அந்தக் கேள்வியை இன்று ஏக்கத்தோடு நினைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. பத்துப் பேர் நடுவில் புதிதாக வந்த பையனை அதே கேள்வி கேட்டுக் குறுக வைத்ததும் அந்த அறையில்தான் நடந்தது.

நான் ஏங்குவது அந்த எழுத்துக்கு. ஜோயல் ஸ்போல்ஸ்கி 2000 நவம்பரில் பக் டிராக்கிங் பற்றி எழுதிய ஒரு கட்டுரை எங்களுக்குள் அச்சுப் பிரதியாகச் சுற்றியது. நல்ல பக் ரிப்போர்ட்டுக்கு மூன்றே விஷயம் போதும் என்பார்: எப்படிச் செய்தால் வருகிறது, என்ன வரும் என்று எதிர்பார்த்தாய், என்ன வந்தது. கேட்க எளிது. பத்தாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, பொறியியல் கல்லூரியில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டி வந்த எங்களில் பாதிப் பேருக்கு, முன்பின் தெரியாத ஓர் ஆளுக்கு, கூச்சமில்லாமல், சுற்றி வளைக்காமல் ஒரு விஷயத்தை எழுதக் கற்றுக்கொடுத்தது அந்த மூன்று கேள்விதான். நம் பள்ளிக்கூடத்துக் கட்டுரை நோட்டு இதைச் சொல்லித் தரவில்லை. அங்கே முன்னுரை வேண்டும், முடிவுரை வேண்டும்.

எங்கள் டீமில் மதுரைக்கார அக்கா ஒருவர் இருந்தார். வயதில் எல்லோருக்கும் மூத்தவர், எல்லோருக்கும் அக்கா. அவர் எழுதிய பக் ரிப்போர்ட்டை வாசித்தால் அந்தத் திரையைத் திறக்கவே வேண்டாம், தப்பு கண்ணுக்குத் தெரியும். ‘சேவ்’ பொத்தானை இரண்டு முறை வேகமாக அழுத்தினால் ஒரே கிளெய்ம் இரண்டாகப் பதிவாகிறது என்பதை எல்லோரும்தான் கண்டுபிடிப்போம். அக்கா அதோடு ஒரு வரி சேர்ப்பார்: இந்தத் திரைக்கு முன் உட்காரப்போகிறவர் போனில் அழுதுகொண்டிருக்கும் ஒருவரோடு பேசிக்கொண்டே அழுத்துவார், இரண்டு முறை அழுத்தத்தான் செய்வார். அதற்குமேல் எந்த டெவலப்பரும் அதை மைனர் என்று சொல்லவில்லை. இரவு எட்டு மணிக்குப் பெண்களுக்கான கேப் கிளம்பிவிடும். ஏழே முக்காலுக்கு அக்கா எழுதத் தொடங்கினால் செக்யூரிட்டி வந்து நிற்கும்வரை எழுதுவார்.

ஏனென்றால் அதற்கு ஒரு வாசகர் இருந்தார். நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்கும்போது அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பகல். ஆன்சைட்டில் இருக்கும் நம் ஆளோ, கிளையன்ட்டின் ஆளோ காபியோடு உட்கார்ந்து அதைப் படிப்பார். பதில் எழுதுவார். காலையில் நாங்கள் வந்து மெயிலைத் திறந்தால் பக்ஸில்லா அனுப்பிய அறிவிப்புகள் வரிசையாக இருக்கும்: யார் எந்த எண்ணில் என்ன மாற்றினார், என்ன எழுதினார். முகம் பார்க்காத மனிதரோடு வருஷக்கணக்கில் அப்படி எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம். கனெக்டிகட்டில் இருந்த ஒரு டெவலப்பர், பனிப்புயல் என்று அலுவலகம் மூடிய நாளில், அதையும் ஒரு பக்கின் கீழே ஒரு வரியாக எழுதினார். அக்கா பதிலுக்கு இங்கே அடித்த வெயிலை எழுதினார். அந்த பக்குக்கும் வானிலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அந்த நாட்களில் மதிய இடைவேளையில் தமிழ்மணம் திரட்டியைத் திறந்து தமிழ் வலைப்பதிவுகள் படிக்கும் பழக்கம் தொற்றியிருந்தது. ஃபயர்பாக்ஸில் திறந்தால் சில பக்கங்களில் தமிழ் சிதறிப்போய்க் கிடக்கும். வரிகளை இரு பக்கமும் சமமாக இழுத்து நிறுத்தும் ‘ஜஸ்டிஃபை’ போட்ட பக்கங்களில்தான் அது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பதிவு எழுதுகிறவர்களிடம் ஜஸ்டிஃபையை எடுங்கள் என்று கெஞ்சிப் பின்னூட்டம் போடுவதே ஒரு சேவையாக நடந்தது. இதை மொஸில்லாவிடமே சொல்லலாம் என்று ஒருவர் சொல்ல, அவர்களுடைய பக்ஸில்லாவைத் திறந்தேன். எங்கள் பென்டியம் பெட்டியில் ஓடிய அதே திரை. அதே கட்டங்கள். ஆனால் கதவே இல்லை, உலகத்தில் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து படிக்கலாம். தமிழுக்கு மட்டுமில்லை, மற்ற இந்திய மொழிகளுக்கும் அதே கஷ்டம் என்று தெரிந்தது. 2008 ஜூனில் ஃபயர்பாக்ஸ் 3 வந்தபோது தமிழ் சேர்ந்து நின்றது. எழுத்தை வரிசைப்படுத்தும் பகுதியையே அவர்கள் புதிதாக எழுதியிருந்தார்கள். நான் அதில் ஒன்றும் செய்துவிடவில்லை. படித்தேன், அவ்வளவுதான். ஆனால் அந்த பக்ஸில்லா இன்றும் ஓடுகிறது, 1998 தொட்டு வந்தவர் போனவர் எழுதியதெல்லாம் எண்ணைத் தட்டினால் வருகிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு நாங்கள் எழுதியதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பிறகு அஜைல் வந்தது. யூட்டா மாநிலத்துப் பனிமலை விடுதி ஒன்றில் 2001 பிப்ரவரியில் பதினேழு பேர் கூடி எழுதிய அறிக்கை எங்கள் மாடிக்கு ஏறி வரச் சில வருஷம் பிடித்தது. சுவரில் கான்ட் சார்ட் இருந்த இடத்தில் வெள்ளைப் பலகை. மூன்று பத்தி: செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, செய்தது. மஞ்சள் சீட்டுகளில் வேலையை எழுதி ஒட்ட வேண்டும். ஏ.சி. காற்றுக்குச் சீட்டுகள் உதிரும். உதிர்ந்ததை ஹவுஸ்கீப்பிங் அம்மா பொறுப்பாகப் பெருக்கி எடுத்துவிட்டுப் போவார். ஒரு முறை ஒரு ஸ்பிரின்ட்டில் பாதி அப்படித்தான் முடிந்தது. ஆன்சைட்டுக்குப் பலகை தெரியாதே? தினமும் மாலை ஒருவர் அதைப் போட்டோ எடுத்து மெயிலில் அனுப்புவார். போட்டோவில் எழுத்து தெரியாது. அதனால் சீட்டில் உள்ளதையெல்லாம் மறுபடி எக்ஸெலில் அடித்து இணைப்பார்.

இதை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது என் பெரியப்பா சிரித்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தவர். பாடியில் சுந்தரம் கிளேட்டன் 1998-இல் டெமிங் பரிசு வாங்கிய சமயத்தில் அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் எல்லாம் ஜப்பான் முறை என்பதே பேச்சாக இருந்திருக்கிறது. டொயோட்டாவில் தைச்சி ஓனோ கொண்டுவந்த கான்பான் அட்டையைப் பெரியப்பா கையில் வைத்தே வேலை பார்த்தவர். “இது கார்டு சிஸ்டம்டா. டப்பா காலியானா கார்டு திரும்பிப் போகும். கார்டு போனாத்தான் அடுத்த டப்பா வரும். கார்டு இல்லைன்னா கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். உங்க பலகையில கார்டு எங்க திரும்புது?” என்றார். எங்கும் திரும்பவில்லை. எங்கள் பலகையில் நடுப் பத்தி மட்டும் பிதுங்கிக்கொண்டே போனது. கையைக் கட்டிக்கொண்டு நிற்க எங்களை யாரும் அனுமதித்ததும் இல்லை.

அந்த நடுவருஷங்களில் வந்து போன கருவிகளைச் சொன்னால் தீராது. கூகுள் வேவை 2009 மே மாதம் அறிவித்தபோது, உள்ளே நுழைய ஓர் அழைப்பு கிடைக்காதா என்று ஊரே அலைந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதை நிறுத்துவதாகச் சொல்லிவிட்டார்கள். ஸ்போல்ஸ்கியின் கம்பெனி 2011-இல் ட்ரெல்லோவைக் கொண்டுவந்தது. மஞ்சள் சீட்டு உதிராமல் திரையிலேயே நகர்ந்தது. வீட்டில் மளிகைப் பட்டியலுக்கும் கரன்ட் பில்லுக்கும் வுண்டர்லிஸ்ட் வைத்திருந்தோம். பெர்லின்காரர்கள் செய்தது. மைக்ரோசாஃப்ட் 2015-இல் வாங்கியது. அதை உருவாக்கிய கிறிஸ்டியன் ரேபர், எனக்கே திருப்பி விற்றுவிடுங்கள் என்று 2019-இல் பொதுவெளியில் கேட்டுக்கூடப் பார்த்தார். 2020 மே 6-ஆம் தேதி மூடிவிட்டார்கள். ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தபோது, எங்கள் வீட்டின் பல வருஷத்து உளுந்தும் புளியும் அதோடு போயிற்று.

எல்லாவற்றையும் கடைசியில் ஜிரா விழுங்கியது. சிட்னியில் மைக் கேனன்-புரூக்ஸ், ஸ்காட் ஃபார்குவார் என்ற இரண்டு பேர், பல்கலைக்கழகப் படிப்பை முடித்த கையோடு கிரெடிட் கார்டு கடனில் தொடங்கிய கம்பெனி, 2002-இல் விட்ட சரக்கு. எங்களிடம் வந்தபோது சந்தோஷமாகத்தான் வரவேற்றோம். தேடல் வேகம், படம் ஒட்டலாம், எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம் என்பதை டீமே அமைத்துக்கொள்ளலாம். வினை அங்கேதான். அமைத்துக்கொள்ளலாம் என்றதும் ஒவ்வொரு மேனேஜரும் ஒரு கட்டத்தைச் சேர்த்தார். மூலகாரணம் என்ன, எந்தச் சூழல், எந்த ஸ்பிரின்ட், எந்த எபிக், எத்தனை ஸ்டோரி பாயின்ட். சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டத்தை நிரப்பாமல் டிக்கெட் நகராது. இருபது கட்டத்தை நிரப்பி முடித்தவருக்கு எழுதுமிடத்துக்கு வரும்போது கை சோர்ந்துவிடும். ‘டன்.’ ‘ஃபிக்ஸ்டு.’ ‘பிஎஃப்ஏ.’ பேச வேண்டியதைச் சாட்டில் பேசிக்கொண்டார்கள். ஸ்லாக் வந்தபின் டிக்கெட்டில் வெறும் எண்ணும் நிலையும் மிஞ்சின, விவகாரமெல்லாம் அங்கே போய்விட்டது. காசு கட்டாமல் பயன்படுத்தும் சின்ன டீம்களுக்கு, 2022-க்குப் பின் அங்கேயும் தொண்ணூறு நாளுக்கு முந்தையது கண்ணில் படாது.

மேனேஜருக்கு இப்போது டாஷ்போர்டு. யார் பேரில் இருக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை, எத்தனை நாளாக இருக்கிறது என்பதையும் அது நிறம் காட்டிச் சொல்லும். ட்ரையாஜ் மீட்டிங் அரை மணியில் முடிகிறது. குறுகி உட்காரும் பையன்கள் குறைந்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன், அது நல்லதுதான்.

2015 டிசம்பரைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. முதல் தேதி பெய்த மழை, தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். அடையாறு கரை தாண்டியது. கம்பெனிகள் ஆட்களைப் பஸ்ஸில் ஏற்றிப் பெங்களூருக்கு அனுப்பி வேலையை ஓட்டின. ஜிராவில் எங்கள் டிக்கெட்டுகள் அப்படியே நின்றன. வீட்டுக்குள் தண்ணீர் என்பதற்கு அதில் ஒரு நிலை இல்லை. ஆனால் அதே ஆட்கள், கரன்ட் இருந்த வீட்டில் உட்கார்ந்து, வேறொரு ஷீட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். கூகுள் ஷீட். யாரோ தொடங்கி, யார் யாரோ சேர்ந்து, இரவு பகலாக நிரப்பியது. தங்க இடம் தருகிறவர்கள் ஒரு பக்கம், சாப்பாடு தருகிறவர்கள் ஒரு பக்கம், மாட்டிக்கொண்டவர்கள் ஒரு பக்கம். முடிச்சூர், மணப்பாக்கம், ஜாஃபர்கான்பேட்டை, கோட்டூர்புரம். விவரம், சொன்னவர், யார் பேரில், நிலைமை, குறிப்பு.

சென்னையில் பலருக்கு போனே எடுக்காத நேரம். பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் நியூ ஜெர்சியிலும் இருந்தவர்கள்தான் விடாமல் எண்களைத் தட்டிப் பார்த்து வரிகளைத் திருத்தினார்கள். நூறு பேர் ஒரே ஷீட்டுக்குள். தடுப்புக்கு மேல் எழும்பிக் கத்த யாரும் தேவைப்படவில்லை. அங்கே டூப்ளிகேட் என்பது சண்டையே இல்லை: ஒரே பாட்டியை மூன்று பேர் பதிந்திருந்தால் மூன்று படகு போய்விடும், நாலாவது தெருவுக்குப் படகு இருக்காது. மீட்டு முடித்தவர்களின் பழைய வேண்டுகோள்கள் ட்விட்டரிலும் வாட்ஸ்அப்பிலும் நாள்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தன. அதனால் திறப்பதைவிட மூடுவது முக்கியமாகிப்போனது. அக்கா அப்போது வேறு கம்பெனிக்குப் போய்விட்டிருந்தார். ஒரு வரியின் குறிப்புப் பத்தியில் எழுத்தைப் பார்த்ததும் அவர்தான் என்று தெரிந்துகொண்டேன். வெறுமனே ‘சேஃப்’ என்று போட்டிருக்கவில்லை. இப்படி எழுதியிருந்தார்: பேசினேன், இரண்டாம் மாடியில் இருக்கிறார்கள், குழந்தைக்குப் பால் இருக்கிறது, சர்க்கரை மாத்திரை மட்டும் தீர்ந்துவிட்டது, நாளைக் காலைக்குள் போக வேண்டும், இரவில் போனை அணைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், பேட்டரி மிச்சமாகட்டும்.

அந்த ஷீட்டை நான் பிறகு தேடினேன். லிங்க் வேலை செய்யவில்லை.

அலுவலக எழுத்து போன விதம் அதைவிடச் சாதாரணம். ப்ராஜெக்ட் முடிந்தால் எல்லாம் கிளையன்ட்டுக்குச் சொந்தம் என்று ஒப்பந்தம். ஒப்படைத்துவிட்டு நம் பக்கத்து நகலை அழித்தாயிற்று என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். பக்ஸில்லா ஓடிய பென்டியம் பெட்டி பழைய சாமானோடு எடைக்குப் போனது. பக்ஸில்லாவிலிருந்து ஜிராவுக்கு மாற்றியபோது எங்கள் எண்கள் மாறின. கமென்ட்டுகள் வந்தன, ஆனால் பல வருஷத்துப் பேச்சு முழுவதும் மாற்றி ஏற்றிய ஒரே கணக்கின் பெயரில் வந்து உட்கார்ந்தது. யார் யாரிடம் சண்டை போட்டார் என்றே தெரியாமல், ஒருவரே தனக்குத்தானே பத்து வருஷம் வாதாடிக்கொண்ட மாதிரி. பின்பு சொந்த சர்வரில் வைத்துக்கொள்ளும் ஜிராவுக்கும் நாள் குறித்தார்கள், 2024 பிப்ரவரி 15-ஓடு சப்போர்ட் முடிந்தது. எல்லாம் கிளவுடுக்கு. அங்கே கணக்கை அழித்துவிட்டுப் போனவரின் பெயர் இருந்த இடத்தில் ‘ஃபார்மர் யூசர்’ என்று வரும். இப்போது நான் பார்க்கும் பழைய ப்ராஜெக்ட் ஒன்றில் ஒரு ஃபார்மர் யூசர் இன்னொரு ஃபார்மர் யூசரிடம் மன்னிப்புக் கேட்கிறார். எதற்கு என்று தெரியவில்லை, மூன்றாவது ஃபார்மர் யூசர் இணைத்த படம் திறக்கவில்லை.

பழைய டீமுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும் உயிர் வரும் குழு. போன மாதம் ஒருவர் டல்லாஸிலிருந்து, ஒன்றும் சொல்லாமல், ‘4217’ என்று மட்டும் போட்டார். ஐந்து நிமிஷத்தில் பதினைந்து செய்தி. பிப்ரவரி 29 பிறந்தநாள்காரர்களை உள்ளே விடாத பக் அது என்றார் ஒருவர், 2004-இல் வந்தது என்று வருஷம் வேறு சொன்னார். இல்லை, ஓ’பிரையன் என்று பெயரில் ஒற்றை மேற்கோள் வந்தால் திரை வெள்ளையாகிப்போகுமே, அதுதான் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் பிரிண்டர் என்கிறார். மூன்று பேரும் அது தன் பேரில்தான் இருந்தது என்று அடித்துச் சொல்கிறார்கள். தூக்கம் கெட்டது யாருக்கு, சரிசெய்தது யார், சரிசெய்ததாகச் சொல்லிவிட்டு ஊருக்குப் போனது யார் என்று ராத்திரி முழுக்க ஓடியது. எடுத்துப் பார்த்துத் தீர்க்க எங்கும் ஒன்றும் இல்லை. விடிந்தபின் அக்கா ஒரே வரி போட்டார். “எதுவா வேணா இருந்துட்டுப் போகட்டும்டா, ரீஓப்பன் பண்ணது நான்தான்.”